4 வாட் நெருப்பு: மீர்ஷாம் புகைக்குழாயில் கங்கு ஏன் அணைகிறது?

புகைக்குழாயை மெதுவாகப் புகைப்பதற்கென்றே ஐரோப்பாவில் போட்டிகள் நடக்கின்றன. எல்லாருக்கும் ஒரே வகைக் குழாய், ஒரே புகையிலை 3 கிராம், இரண்டு தீக்குச்சிகள், பற்றவைக்க ஒரு நிமிடம். அதற்குப் பிறகு கங்கு அணைந்தால் ஆட்டம் முடிந்தது. சிலருக்கு அரை மணிக்குள் அணைந்துவிடுகிறது; தேர்ந்தவர்கள் மூன்று மணி நேரத்தையும் கடக்கிறார்கள். பொருள்கள் எல்லாம் ஒன்றாக இருந்தும் முடிவு இவ்வளவு வேறுபடுகிறது என்றால், காரணத்தைக் குழாயில் தேடிப் பயனில்லை. மீர்ஷாம் என்ற கடல்நுரைக் கல்லில் குடைந்த குழாய் அடிக்கடி அணைகிறது என்று குறைப்படுகிறவர்கள் கல்லின் மேல் பழி போடுகிறார்கள். கங்கின் வரவு செலவைக் கணக்குப் பார்த்தால் அந்தப் பழி நிற்காது.

புகையிலை சுடர்விட்டு எரிவதில்லை, கனல்கிறது. மேலே உள்ள கங்கின் வெப்பத்தில் அடுத்த அடுக்கு இலை காய்ந்து, சிதைந்து, கரியாகிறது. அந்தக் கரியின் பரப்பில் ஆக்சிஜன் படும்போது வெப்பம் பிறக்கிறது. அந்த வெப்பம் அடுத்த அடுக்கைக் கரியாக்குகிறது. இந்தத் தொடர் அறுந்தால் கங்கு அணையும். வரவு எவ்வளவு? உலர்ந்த இலை ஒரு கிராம் முழுதாக எரிந்தால் ஏறத்தாழ 16 கிலோஜூல் வெப்பம் கிடைக்கும். மூன்று மணி நேரத்தில் 3 கிராம் என்றால் மணிக்கு ஒரு கிராம். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 4 ஜூல், 4 வாட். கனலும்போது எரிதல் முழுமையாக இருக்காது என்பதால் உண்மையான வரவு இதைவிடக் குறைவு. இனி செலவு. 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள கங்குப் பரப்பு 500 டிகிரி செல்சியஸில் திறந்து கிடந்தால், கதிர்வீச்சாக மட்டுமே 6 வாட் வரை இழந்துவிடும். வரவை மிஞ்சும் செலவு இது. அப்படியிருந்தும் கங்கு பிழைப்பது மேலே படியும் சாம்பலால்தான். நீறு பூத்த நெருப்பு என்று நம் முன்னோர் சொன்னது வெப்ப இயற்பியலின்படியும் சரியான பேச்சு: சாம்பல் வெப்பத்தை வெளியே விடாமல் தடுக்கிறது, தன் துளைகள் வழியே காற்றை உள்ளே விடுகிறது. இதனால்தான் அனுபவசாலிகள் சாம்பலை உடனுக்குடன் கொட்டுவதில்லை. அழுத்துக்கோலால் மெல்லத் தட்டி, கங்குக்கும் கீழிருக்கும் இலைக்கும் விட்டுப்போன தொடுப்பைச் சேர்த்துவிடுகிறார்கள். பலமாக அழுத்தினால் காற்றின் வழி அடைபடும். அழுத்தாமலே விட்டால் கங்கு அந்தரத்தில் தொங்கி ஆறிப்போகும்.

"அணையப் போகிறது என்றால் பலமாக இழுக்க வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். காற்று கூடினால் கங்கு சிவக்கும், உண்மை. ஆனால் காற்று எளிய வழியைத்தான் தேடும். பலமான இழுப்பு நடுவே ஒரு துளை போட்டுக்கொண்டு கீழே இறங்கும். சுற்றியுள்ள இலை எரியாமல் நிற்கும். துளை முடிந்ததும் நெருப்புக்கு இரை இல்லை. இன்னொரு சிக்கல் தண்ணீர். புகையிலையில் 20 சதவீதம் ஈரம் இருந்தால் 3 கிராமில் 0.6 கிராம் நீர். ஆனால் எரிதலே புதிதாக நீரை உண்டாக்குகிறது: இலையின் ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒரு கிராம் உலர்ந்த இலைக்கு ஏறத்தாழ அரை கிராம் நீராகிறது. ஆக, இலையில் இருந்த ஈரத்தைவிட நெருப்பு உண்டாக்கும் ஈரமே அதிகம். இந்த நீராவி புகையோடு கீழ்நோக்கிப் போய், குளிர்ந்த அடி இலையில் படிகிறது. குழாய் பெரும்பாலும் கடைசி மூன்றில் ஒரு பங்கில் அணைவதற்குக் காரணம் இதுதான். வேகமாக இழுத்தால் அந்த ஈரமும் வேகமாக வந்து சேரும்.

இங்கேதான் கல்லுக்கு ஒரு நியாயமான பங்கு உண்டு. மீர்ஷாம் என்பது செபியோலைட் என்ற மெக்னீசியம் சிலிகேட் கனிமம். துருக்கியின் எஸ்கிசெஹிர் பகுதியில் கிடைப்பது பெயர்பெற்றது. இதன் படிக அமைப்பிலேயே ஒரு நானோமீட்டர் அளவிலான நுண்ணிய பாதைகள் ஓடுகின்றன. காய்ந்த கட்டி தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு எடை குறைவு; ஈரத்தை அப்படியே உறிஞ்சும். வெளிநாடுகளில் பூனைகளின் கழிவுப் பெட்டியில் இதே கனிமத்தைப் பரப்புவதும் இந்தக் குணத்துக்காகத்தான். அடி இலையின் ஈரத்தில் ஒரு பகுதியை இந்தக் கல் வாங்கிக்கொள்கிறது. ஆனால் வாங்கும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. "கல் வெப்பத்தைக் கடத்தாதே, அதுவே நெருப்பைக் காக்காதா?" என்ற வாதமும் பாதிதான் சரி. நுண்துளைக் கல் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். ஆனால் பெரிய இழப்பு சுவர் வழியாக அல்ல, திறந்த மேற்பரப்பு வழியாக. மீர்ஷாமின் மேல் பூசும் தேன்மெழுகு 62 டிகிரிக்குச் சற்று மேலேயே உருகும் என்பதால், அவசரமாக இழுத்துச் சூடேற்றுவது கல்லின் பூச்சுக்கும் கேடு.

இலைக்கும் பங்கு உண்டு. புகையிலை உழவர்கள் பொட்டாசியம் குளோரைடைத் தவிர்த்துப் பொட்டாசியம் சல்பேட்டை இடுவது வெறும் பழக்கம் அல்ல. பொட்டாசியம் கரி எரிவதை எளிதாக்குகிறது; குளோரின் அதைக் கெடுக்கிறது. காற்றின் பங்குக்குச் சான்று சிகரெட்டில் கிடைக்கிறது. நியூயார்க் மாநிலம் 2004இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும், கேட்பாரற்றுக் கிடந்தால் தானே அணையும் சிகரெட்டைக் கட்டாயமாக்கின. அதன் தாளில் காற்று எளிதில் புகாத சில பட்டைகள் மட்டுமே கூடுதல். கங்கு பட்டையை எட்டியதும் ஆக்சிஜன் வரத்து குறைந்து அணைகிறது. படுக்கையில் விழுந்த சிகரெட்டால் மூளும் தீயைக் குறைக்கவே இந்த ஏற்பாடு.

மெதுவாகப் புகைத்தால் கேடில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குறைவாக எரியும் கங்கு கார்பன் மோனாக்சைடைத் தாராளமாக விடும். குழாய்ப் புகை உதடு, வாய், தொண்டைப் புற்றுநோயைக் கொண்டுவரும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வதன் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. ஜார்க்கண்டின் ஜாரியா நிலக்கரிப் படுகையில் 1916இல் கண்டறியப்பட்ட தீ நூறாண்டு கடந்தும் கனன்றுகொண்டிருப்பது இதே விதிப்படிதான்: மேலே மண் போர்வை, பிளவுகள் வழியே சிறிது காற்று. வைக்கோற்போரோ பஞ்சு மெத்தையோ தீப்பிடித்து அணைந்ததுபோல் தெரிந்தாலும் அதை நம்பி விட்டுவிடாதீர்கள். தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். அதை வெளியே இழுத்து, பிரித்து, உள்வரை தண்ணீர் ஊறச் செய்தால்தான் தீ முடிந்தது.