புரொடெக்ட்: யாரை, எதிலிருந்து, எப்போது?

'புரொடெக்ட்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குப் 'பாதுகாத்தல்' என்று அகராதி பொருள் சொல்லும். பொருள் சரிதான். ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வாக்கியம் எழுத உட்காரும் பிள்ளைகள் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். எந்த நேரத்துக்கு உரிய சொல் இது, இதை அடுத்து எது வர வேண்டும் என்ற இரண்டும் தெளிந்துவிட்டால் மீதியெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

இது லத்தீனிலிருந்து வந்த சொல். அங்கே 'தெகெரெ' என்றால் மூடுதல். 'ப்ரோ' என்றால் முன்னால். முன்னே ஒரு மறைப்பை இடுவதுதான் ஆதிப் பொருள். கூரை ஓட்டைக் குறிக்கும் 'டைல்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான். மழை வருவதற்கு முன்பே ஓடு வேய்கிறோம் அல்லவா? புரொடெக்ட் என்பதும் பெரும்பாலும் ஆபத்து வந்து தாக்கும் முன்பே செய்து வைக்கும் காரியம். திறந்து கிடக்கும் கிணற்றுக்குக் கம்பி வலை போட்டவர், தெருப் பிள்ளைகளை புரொடெக்ட் செய்திருக்கிறார். வலை இல்லாத கிணற்றில் விழுந்த குழந்தையை இறங்கித் தூக்கியவர் செய்தது 'சேவ்'.

தமிழில் 'காப்பாற்று' இந்த இரண்டு இடத்திலும் ஓரளவு பொருந்திவிடுகிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. "அப்பா இல்லாத குடும்பத்தை அண்ணன்தான் காப்பாற்றுகிறான்" என்று சொல்கிறோம். அதை ஆங்கிலத்தில் சொல்ல புரொடெக்டும் பொருந்தாது, சேவும் பொருந்தாது. 'சப்போர்ட்' என்பதே சரி. 'டிஃபெண்ட்' தாக்குதலை எதிர்த்து நிற்பதைச் சொல்லும். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுவதும் அதுதான். 'கார்டு' என்றால் காவல் நின்று பார்த்துக்கொள்வது.

இனி, இந்தச் சொல்லை அடுத்து எது வர வேண்டும் என்பது. இதில் வரும் பிழை பொருளையே தலைகீழாக்கிவிடும். புரொடெக்டை அடுத்து வர வேண்டியது நாம் காக்க நினைக்கும் ஆளோ பொருளோதான். ஆபத்தின் பெயர் 'ஃப்ரம்' அல்லது 'அகெய்ன்ஸ்ட்' என்ற சொல்லுக்குப் பிறகு வரும். "மாஸ்க் கொரோனாவை புரொடெக்ட் செய்யும்" என்று எழுதினால், முகக்கவசம் கிருமிக்குக் காவல் இருக்கிறது என்று ஆகிவிடும். ஆபத்தையே நேராகச் சொல்ல வேண்டுமானால் அதற்கு 'பிரிவென்ட்' இருக்கிறது: தொற்றை பிரிவென்ட் செய்யலாம், ஆளை புரொடெக்ட் செய்யலாம். தமிழில் "மழையிலிருந்து நெல்லைக் காத்தோம்" என்று ஆபத்தை முன்னால் வைப்பது நமக்கு இயல்பு. ஆங்கிலத்தில் நெல் முன்னால் வரும், மழை பின்னால் போகும். அங்கிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போதும் கவனம் வேண்டும். தடுப்பூசி "தட்டம்மைக்கு எதிராகப் பாதுகாக்கிறது" என்று எழுதுகிறார்கள். தட்டம்மை வராமல் காக்கிறது என்றால் எந்தப் பாட்டிக்கும் விளங்கும்.

அன்றாடத்தில் இதன் உறவுச் சொற்கள் நிறைய. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய கோப்பு 'புரொடெக்டெட்'. வெயிலுக்குப் பூசும் க்ரீம் டப்பாவில் இருக்கும் எஸ்பிஎஃப் என்ற மூன்றெழுத்தில் நடு எழுத்து புரொடெக்‌ஷன். பிள்ளையை வாசலுக்குக்கூட விடாத பெற்றோரை 'ஓவர்புரொடெக்டிவ்' என்பார்கள். அது பாராட்டுச் சொல் அல்ல.

இந்தச் சொல்லின் முழு வலிமையையும் நம் சட்டங்களில்தான் பார்க்கலாம். வனவிலங்குகளுக்கு 1972-இல் வந்த சட்டமும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டமும் புரொடெக்‌ஷனைப் பெயரிலேயே கொண்டவை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தெளிவானது. அதன் பெயரிலேயே காக்கப்படுபவர் முன்னாலும் ஆபத்து 'ஃப்ரம்' என்பதற்குப் பின்னாலும் நிற்கின்றன. அதன் 18-ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கலாம். வன்முறையில் ஈடுபடக் கூடாது, அந்தப் பெண் வேலை செய்யும் இடத்துக்குள் நுழையக் கூடாது, அவரைத் தொடர்புகொள்ள முயலக் கூடாது என்றெல்லாம் அதில் தடை விதிக்க முடியும். வன்முறை நடந்து முடிந்திருக்க வேண்டும் என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை. நடக்கக்கூடும் என்று நடுவருக்கு முகாந்திரம் தெரிந்தாலே போதும். அடி விழுந்த பிறகுதான் சட்டம் வரும் என்று நம்பிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். பாதிக்கப்படும் பெண்ணே போய் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. நடக்கப்போகிறது என்று நம்பக் காரணம் உள்ள பக்கத்து வீட்டுக்காரர்கூட, 4-ஆம் பிரிவின்படி, பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது அதற்காக வழக்கு எதுவும் வராது.