மூன்று அங்குலத் திரையை நம்பி ஆல்பம் அடிக்காதீர்கள்

கேமராவின் முதுகில் இருக்கும் மூன்று அங்குலத் திரைக்கு ஒரு குணம் உண்டு. எந்தப் படத்தையும் அது நல்ல படமாகவே காட்டும். கை கொஞ்சம் ஆடியிருந்தாலும் தெரியாது, கண் பாதி மூடியிருந்தாலும் தெரியாது, மணப்பெண்ணின் மூக்குக்கு நேரே பறந்துகொண்டிருக்கும் அட்சதையும் தெரியாது. மதுரைப் பக்கம் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். ஆல்பத்தைப் பிரித்ததும், "என்னப்பா, அன்னைக்குக் கேமராவுல காட்டும்போது நல்லாத்தானே இருந்துச்சு?" என்று வீட்டார் கேட்பது எங்கள் தொழிலில் எல்லாரும் கேட்டுப் பழகிய கேள்வி. கேமராவில் நன்றாகத்தான் இருந்தது. 12×18 அங்குலத் தாளுக்குப் போனதும்தான் வண்டவாளம் வெளியே வந்தது.

காரணம் சின்னக் கணக்கு. மண்டபங்களில் நாங்கள் தூக்கிக்கொண்டு அலையும் கேமராக்களில் பல 24 மெகாபிக்சல். குறுக்கே 6000 புள்ளி, நெடுக்கே 4000 புள்ளி. பெருக்கினால் 2 கோடியே 40 லட்சம். முதுகுத் திரைக்குப் பத்து லட்சம் 'டாட்' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பார்கள். அது சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக எண்ணிய கணக்கு. மூன்றால் வகுத்தால் 720×480, ஏறக்குறைய மூன்றரை லட்சம் புள்ளிதான் மிஞ்சும். ஆக, படத்தின் எழுபது புள்ளிகளை ஒரே புள்ளியாக நசுக்கித்தான் அந்தத் திரை காட்டுகிறது. இரண்டு மூன்று புள்ளி அகலத்துக்குக் கண் மங்கியிருந்தால் அந்த நசுக்கலில் அது காணாமல் போய்விடும். வெளிச்சத்திலும் இதே கதைதான். விளக்கை அணைத்த வரவேற்பு மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் எல்லாப் படமும் பளிச்சென்று இருக்கும். உச்சி வெயிலில் கோயில் வாசலில் பார்த்தால் எல்லாமே இருட்டாகத் தெரியும்.

பிலிம் காலத்தில் அச்சுக்கு முன் பார்ப்பது என்ற வேலை தானாகவே நடந்தது. நெகட்டிவைக் கழுவி, ஒரு சுருளின் 36 படங்களையும் ஒரே தாளில் கான்டாக்ட் ஷீட்டாகப் போட்டு, லூப் கண்ணாடி வைத்துப் பார்த்து, தேறியதைப் பென்சிலால் வட்டமிட்ட பிறகே பெரிதாக்குவார்கள். விளம்பர ஸ்டூடியோக்களில் ஹாசல்பிளாட் கேமராவின் பின்னால் போலராய்டு பெட்டியை மாட்டி, முதலில் ஒரு உடனடிப் படம் எடுத்து வெளிச்சத்தைச் சரிபார்த்துக்கொள்வார்கள். 1995-ல் கேஸியோ க்யூவி-10 வந்தது. முதுகில் 1.8 அங்குல எல்சிடி திரை வைத்துப் பொதுமக்களுக்கு விற்ற முதல் டிஜிட்டல் கேமரா அது. எடுத்த கையோடு பார்க்கலாம் என்ற வசதி வந்தது. கூடவே, பார்த்தாயிற்று என்ற நினைப்பும் வந்தது. கான்டாக்ட் ஷீட்டை விட்டதில் எனக்கு வருத்தமில்லை. அதோடு சேர்த்து நிதானத்தையும் விட்டதில்தான் வருத்தம்.

இடையில் இதற்கென்றே சில கருவிகள் வந்தன. எப்சன் 2004-ல் கொண்டுவந்த பி-2000 அதில் ஒன்று. 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், 3.8 அங்குலத் திரை. மெமரி கார்டைச் செருகினால் படங்களை நகலெடுத்துக்கொண்டு அங்கேயே காட்டும். நான் அதைப் பத்திரிகைப் படத்தில் பார்த்ததோடு சரி. 2010-ல் ஐபேடு வந்தபோது கார்டு செருகும் கிட் தனியாகக் கிடைத்தது. ஆனால் அந்த முதல் ஐபேடின் திரை 1024×768 தான். 2012-ல் வந்த மூன்றாவது ஐபேடில் 2048×1536 ஆயிற்று, அங்குலத்துக்கு 264 புள்ளி. அச்சுக்கு முன் பார்க்கத் தக்க திரை கைக்குள் வந்தது அப்போதுதான் என்பேன்.

இந்த 264-ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கலர் லேப்கள் அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்பது வழக்கம். டேப் அதற்கு வெகு அருகில் இருக்கிறது. படத்தைத் திரை முழுக்க வைத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய ஒரு 5×7 பிரிண்டின் அளவு. லைட்ரூம் போன்ற ஆப்பில் 1:1 என்று வைத்து, படத்தின் ஒரு புள்ளிக்குத் திரையின் ஒரு புள்ளி வரும்படி பார்த்தால், 6000 புள்ளி அகலப் படத்தை 23 அங்குல அகலத்துக்கு அடித்து, அதில் ஒரு துண்டைக் கையில் வைத்துப் பார்ப்பதற்குச் சமம். ஆல்பப் பக்கம் 18 அங்குலம். அப்படியானால் டேப்பில் 1:1-ல் கண் இமை தனித்தனியாகத் தெரிந்தால் ஆல்பத்திலும் தெரியும். இதைவிட நேரான சோதனை வேறில்லை.

இதே சோதனையை 15.6 அங்குலப் போர்ட்டபிள் மானிட்டரில் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1920×1080 புள்ளியுள்ள அந்தத் திரையில் அங்குலத்துக்கு 141 புள்ளிதான். அதில் 1:1 வைத்தால் 42 அங்குல அகலப் போஸ்டரை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். எந்தப் படமும் மங்கலாகத்தான் தெரியும். புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்கள் இப்படிப் பார்த்துப் பயந்து நல்ல படங்களைக் கழித்துவிடுகிறார்கள். அந்த மானிட்டரில் பாதி அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும்.

திரை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, அதற்குள் போகும் படமும் முழுப் படமாக இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். கேமராவிலிருந்து வைஃபை வழியாகப் படம் அனுப்பும் ஆப்கள் பலவற்றில் முழுப் படம் தானாக வந்துவிடாது. நிக்கான் ஸ்நாப்பிரிட்ஜில் தானாக வந்து சேர்வது 2 மெகாபிக்சல் நகல். அதைப் பெரிதாக்கிவிட்டு, 'படம் ஷார்ப்பா இல்லையே' என்று கேமராவையோ என்னையோ திட்டினால் என்ன செய்ய? வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்துக்கும் இதே நிலைமைதான். கார்டு ரீடரை டேப்பில் செருகி முழுக் கோப்பையும் நகலெடுத்துப் பாருங்கள். பார்க்கும்போதே கார்டிலிருந்து அழிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். இரண்டு இடத்தில் நகல் சேரும்வரை கார்டைத் தொடாதீர்கள்.

சரி, பெரிய திரையில் எதைப் பார்ப்பது? முதலில் கண். குழுப் படமென்றால் ஒவ்வொரு தலையாக. பிறகு ஓரங்கள்: யாரோ நீட்டிய மொபைல், பாதியில் வெட்டுப்பட்ட கை, தண்ணீர் பாட்டில். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைத்திருந்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கேமராவின் ஷட்டர் வேகமும் அந்த விளக்கின் துடிப்பும் ஒத்துப்போகாததால் வருவது அது; சிறு திரையில் பெரும்பாலும் தெரியாது. அடுத்து பட்டுப்புடவை. அரக்குச் சிவப்பும் ராணி கலரும் வெளிச்சம் கூடினால் மடிப்பு தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். மூலக் கோப்பு 'ரா' வடிவில் இருந்தால் இந்தக் கட்டத்தில் ஓரளவு மீட்கலாம். அச்சடித்த பிறகு ஒன்றும் முடியாது.

சட்டத்தில் மாட்டப்போகும் படத்துக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: எதை வெட்டப்போகிறோம்? கேமரா எடுப்பது 3:2 வடிவம். 4×6, 8×12, 12×18 எல்லாம் அதே வடிவம். 8×10 அப்படியல்ல; நீளத்தில் இரண்டு அங்குலம் போய்விடும். குழுப் படத்தில் ஓரமாக நிற்பது பெரும்பாலும் சித்தப்பா குடும்பம்தான். வெட்டியபின் அவர் தோள் மட்டும் மிஞ்சினால் அடுத்த விசேஷத்துக்கு அந்த வீட்டில் உங்களுக்குக் காப்பி கிடைக்காது. டேப்பிலேயே 8×10-க்குக் கத்தரித்துப் பார்த்துவிட்டுச் சட்டத்துக்குச் சொல்லுங்கள். ஆல்பத்தின் 12×36 விரிப்பிலும் நடு மடிப்பில் யார் முகம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு மட்டும் டேப் போதாது. அத்தனை நீளப் பக்கம் அதில் நாடா மாதிரி ஒடுங்கிவிடும். போர்ட்டபிள் மானிட்டரோ லேப்டாப்போ தேவை.

இதுவரை சொன்னதில் எல்லாம் டேப்பை நம்பலாம். வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் அதை நம்பாதீர்கள். திரை தானே எரிகிற விளக்கு. தாள் அடுத்தவன் வெளிச்சத்தில் தெரிகிற சுவர். திரையில் அழகாக இருந்த படம் தாளில் ஒரு படி இருண்டு வருவது இதனால்தான். நம் ஊர் முகங்களுக்கு இது கூடுதல் சோதனை. கருத்த முகம், கருத்த முடி, பின்னால் மண்டபத்தின் இருட்டு: திரையில் மூன்றும் தனித்தனியாகத் தெரியும், தாளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நிழல் பகுதியை மட்டும் சற்றுத் தூக்கினால் சரியாகும். அதை விட்டுவிட்டு முகத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற டிசைனர்கள் இருக்கிறார்கள். பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியாத ஆல்பங்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த வேலை அறவே பிடிக்காது.

டேப்பை ஓரளவுக்காவது தாளின் பக்கம் இழுத்து வர ஒரு வழி வைத்திருக்கிறேன். எங்கள் லேபில் அடித்த பழைய பிரிண்ட் ஒன்றையும் அதன் கோப்பையும் பத்திரமாக வைத்திருப்பேன். பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிரிண்டைப் பக்கத்தில் வைத்து, அதே படத்தை டேப்பில் திறப்பேன். மாப்பிள்ளை வேட்டியின் வெள்ளை இரண்டிலும் ஒன்றுபோல் தெரியும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறைப்பேன். என் டேப்பில் அது பாதிக்கும் கீழே போய் நிற்கிறது. தானாக வெளிச்சம் மாற்றும் வசதி, இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் ஷிப்ட், அறை விளக்குக்கு ஏற்ப நிறம் மாற்றும் ட்ரூ டோன் எல்லாவற்றையும் முதலில் அணைத்துவிட வேண்டும். சாம்சங் டேப்பில் 'விவிட்' என்று இருந்தால் 'நேச்சுரல்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் பட்டுப்புடவை கடைக்காரரே அறியாத நிறத்தில் ஜொலிக்கும். வீட்டு டிவியில் போட்டுப் பார்க்கலாமே என்பார்கள். டிவிகள் நிறத்தையும் கூர்மையையும் தாங்களாகக் கூட்டிக் காட்டும். சில டிவிகள் ஓரத்தைக்கூட வெட்டிவிடும். சொந்தபந்தம் கூடி ரசிக்க டிவி நல்லது, தேர்வு செய்ய ஆகாது.

தேர்வுக்கு நான் வீட்டுக்கே போய்விடுவேன். பாயில் உட்கார்ந்து, டேப்பை நடுவில் வைத்து, ஒரு நேரத்தில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். சுற்றி உட்கார்ந்து பார்ப்பதால் ஐபிஎஸ் வகைத் திரையாக இருப்பது முக்கியம். மலிவான டிஎன் வகை மானிட்டர்களில் பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு நிறமே மாறித் தெரியும். அண்ணன் ஒரு நிறம் சொல்வார், தம்பி வேறு நிறம் சொல்வார்.

இந்தப் பாயில்தான் என் அழகுக் கணக்கெல்லாம் தோற்கும். நான் ஒதுக்கி வைத்த படத்தில், கூட்டத்துக்குள் பின்வரிசையில் நிற்கும் ஒரு முகத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அப்பத்தா சொல்லும்: "ஏப்பா, இது நம்ம சின்ன மாமன் மகன்தானே? இதைப் போட்டுரு. அவன் மூஞ்சி வேற எதுலயும் இல்லை." தாய்மாமன் சீர் தட்டு வரிசையில் எந்தத் தட்டு யார் கையில் இருந்தது என்பதும் அந்தத் திரையில்தான் முடிவாகும். எனக்கு அது குறுக்கே ஒரு முதுகு மறைத்த படம். அவர்களுக்கு அது சாட்சி. வாட்ஸ்அப் குழுவில் போட்டு 'நம்பர் சொல்லுங்க' என்று விட்டால், போன் பார்க்கத் தெரிந்த நாலு பேரின் விருப்பம்தான் ஆல்பமாகும். பணம் கொடுப்பவர் ஒருவர், தீர்மானிப்பவர் வேறொருவர் என்பது கல்யாண வீட்டுக்கே உரிய நியாயம். அந்த இருவரும் ஒரே திரையைப் பார்ப்பது எனக்கும் நல்லது.

கடைசியாக ஒரு வேலை. டேப்பில் தேறியும் மனதுக்குள் சந்தேகம் தீராத படங்கள் சில இருக்கும்: ரொம்பச் சிவப்பு, ரொம்ப இருட்டு, நீல விளக்கில் நின்ற மாப்பிள்ளை. ஒரு 12×18 தாளில் 4×6 அளவில் சரியாக ஒன்பது படம் அடங்கும். அவற்றை ஒரே தாளில் அடுக்கி, ஆல்பம் அடிக்கப்போகும் அதே லேபில், அதே தாளில் அடித்து வாங்குங்கள். அதைப் பகல் வெளிச்சத்திலும் பாருங்கள், வீட்டு ட்யூப் லைட்டிலும் பாருங்கள். ஆல்பம் இருக்கப்போவது அந்த இரண்டு வெளிச்சத்தில்தான்.

ஆல்பத்துக்கு முன்பணம் கொடுக்கும்போதே இரண்டையும் பேசிவிடுங்கள்: அச்சுக்குப் போகுமுன் வீட்டுக்கு வந்து பெரிய திரையில் காட்ட வேண்டும், ஒரு சோதனைத் தாள் அடித்துத் தர வேண்டும். முன்பணத்தின்போது கேட்டால் எந்த ஸ்டூடியோக்காரரும் முகம் சுளிக்க மாட்டார். ஆல்பம் ஒட்டி, அட்டை போட்டுக் கைக்கு வந்துவிட்டால், ஒரு பக்கத்தை மாற்றுவதற்கும் முழு ஆல்பத்தையும் பிரித்தாக வேண்டும்.