அவள் மறுபடியும் வகுப்புக்குப் போகட்டும்

மலருக்குக் கட்டுரை கேட்டு நண்பர்கள் வந்தபோது, வழக்கம்போல வேணாட்டுக் கல்வெட்டுகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் திருவனந்தபுரத்தில் முப்பது ஆண்டுகள் கல்லூரி ஆசிரியையாகவும், அவற்றில் சில ஆண்டுகள் விடுதிக் காப்பாளராகவும் இருந்த எனக்கு, எழுதாமல் விட்ட கடன் ஒன்று உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு, அதன் பிறகு வரும் சாதாரண நாட்களில் நாம் எப்படித் துணை நிற்பது என்பதே அது.

கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டையைச் சுற்றியும் வாழும் நம்மவர்களின் பெண்கள் இங்கேயும் படிக்கிறார்கள். சென்னைக்கும் கோவைக்கும் போயும் படிக்கிறார்கள். "நம்ம வீட்ல இதெல்லாம் நடக்காது" என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். துன்பம் முடியாது.

நான் செய்த தவறு

பல ஆண்டுகளுக்கு முன் என் விடுதியில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். குடும்பத்துக்குப் பழக்கமான ஒருவனால் அவளுக்குக் கொடுமை நேர்ந்தது. அம்மா ஓடிவந்தார். "டீச்சர், வெளியில தெரிஞ்சா இவ தங்கச்சிக்கும் மாப்பிள்ளை வராது. பேசாம டி.சி. வாங்கிட்டு ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடறோம்" என்றார். நானும் தலையாட்டினேன். அதுதான் அவளுக்குப் பாதுகாப்பு என்று நம்பினேன்.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த பெண் அப்போதுதான் பேசினாள். "தப்புப் பண்ணினவன் தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போறான். நான் மட்டும் எதுக்கு டீச்சர் வீட்டுல ஒளிஞ்சு இருக்கணும்?"

எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. டி.சி. வாங்கும் பேச்சு அன்றோடு நின்றது.

மனமும் உடம்பும்

அதன் பிறகு அவளிடம் நான் கண்டவற்றுக்கு மனநல மருத்துவர்கள் பின்னர் எனக்கு விளக்கம் சொன்னார்கள். "ஏன் கத்தல? ஏன் ஓடல?" என்று நாம் கேட்கிறோம். பேராபத்தில் உடம்பு எதிர்க்கலாம், ஓடலாம், உறைந்தும் போகலாம். உறைந்து போவது சம்மதம் அல்ல. நடந்ததைத் துண்டு துண்டாக, முன்பின் மாற்றிச் சொல்வதும் பொய்யல்ல. அதிர்ச்சியில் பதிந்த நினைவு பலருக்கும் அப்படித்தான் வரும்.

தூக்கம் போகும். ஏதோ ஒரு வாசனை, ஒரு குரல், ஒரு மாடிப்படி அந்த நேரத்தை மறுபடி கண்முன் நிறுத்தும். பாடத்தில் மனம் நிற்காது. ஒருநாள் சிரித்துப் பேசுவாள், மறுநாள் அறையை விட்டு வரமாட்டாள். "அன்னிக்கு நல்லாத்தானே இருந்தா" என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

முதல் நாட்கள்

முதலில் மருத்துவமனை. அரசு, தனியார் எதுவானாலும் கட்டணமின்றி உடனே சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். குளித்துவிட்டாலும், நாள் கடந்துவிட்டாலும், "இனி என்ன பயன்" என்று இருந்துவிடாமல் போகவேண்டும். பரிசோதனைக்கு அவள் சம்மதம் தேவை. இழிவான 'இருவிரல் சோதனை'யை உச்ச நீதிமன்றம் 2013இலும் 2022இலும் கண்டித்து விலக்கியிருக்கிறது.

காவல்துறைக்குப் போவதானால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்வதை அறிந்துகொள்ளுங்கள். சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மகள் கோவையில், பெற்றோர் கரமனையில் என்று இருக்கும் நமக்கு இது முக்கியம். வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். இங்கே வாக்குமூலத்தை 'மொழி' என்பார்கள். அது மலையாளத்தில் எழுதப்பட்டால், தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போடட்டும்.

கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் 2009 முதல் 'பூமிகா' மையங்கள் தொடங்கப்பட்டன. பெண்களுக்கான உதவி எண் 181. மனநல ஆலோசனைக்கு 14416. அதில் தமிழிலும் பேசலாம்.

இரண்டு வழக்குகள் சொல்லும் பாடம்

1996இல் இடுக்கி மாவட்டம் சூரியநெல்லியைச் சேர்ந்த பதினாறு வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி பல வாரங்கள் பலரால் சிதைக்கப்பட்டாள். 2005இல் உயர்நீதிமன்றம் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரையும் விடுவித்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2014இல்தான் 24 பேரின் தண்டனை உறுதியானது. இந்தப் பதினெட்டு ஆண்டுகளும் ஊர் அவளைத்தான் உற்றுப் பார்த்தது. அந்தக் குடும்பம் ஊர்விட்டு ஊர் மாற வேண்டியிருந்தது.

2024 டிசம்பர் 23 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி தாக்கப்பட்டாள். அவள் துணிந்து புகார் கொடுத்தாள். ஆனால் அவள் விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கையே வெளியில் பரவிவிட்டது. சென்னை உயர்நீதிமன்றம் சில நாட்களிலேயே தலையிட்டு, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட குழுவை விசாரணைக்கு அமைத்தது. அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. கட்டணம் வாங்காமல் அவள் படிப்பைத் தொடரச் செய்ய வேண்டும், மனநல ஆலோசனையும் தர வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு உத்தரவிட்டது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்கு, குறைந்தது 30 ஆண்டுகள் சலுகையின்றி அனுபவிக்க வேண்டிய ஆயுள் தண்டனை கிடைத்தது.

தண்டனை ஒரு பக்கம். அவள் படிப்பு நிற்கக்கூடாது என்பதையும் நீதியின் ஒரு பகுதியாக நீதிமன்றம் கருதியதே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கல்லூரி என்ன செய்ய வேண்டும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். புகார் விசாரணையில் இருக்கும்போதே, அவளுக்குச் சலுகைகள் எதுவும் குறையாமல் மூன்று மாதம் வரை விடுப்புத் தரலாம். குற்றம் சாட்டப்பட்டவர் ஆசிரியரானால், அவள் விடைத்தாளைத் திருத்துவதிலிருந்து அவரை விலக்கலாம். அவரை வளாகத்துக்குள் விடாமல் தடுக்கவும் வழியுண்டு. இவை கருணை அல்ல, விதி. பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

"நான் உன்னை நம்பறேன், உன் மேல தப்பு இல்ல." முதலில் சொல்ல வேண்டியது இதுதான். அடுத்து, எதைச் செய்வதானாலும் அவளைக் கேட்டுச் செய்யுங்கள். அவள் விருப்பத்தை ஒருவன் மிதித்த பின், அன்பின் பெயரால் நாமும் மிதிக்கக்கூடாது. ஃபோனைப் பிடுங்கி வைப்பது, உடையை மாற்றச் சொல்வது, அவசரமாக வரன் பார்ப்பது எல்லாம் தண்டனையை அவளுக்கே தருவதாகும். உறவினர்களுக்குச் சொல்வதா என்பதும் அவள் முடிவு. பாதிக்கப்பட்டவளின் அடையாளத்தை வெளியிடுவது பாரதீய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம் என்பதை வம்பு பேசுவோருக்கு நினைவூட்டலாம். சாக வேண்டும் என்பதுபோல் பேசினால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

என் விடுதிப் பெண்ணுக்கு உதவியது பெரிய காரியம் எதுவும் இல்லை. அறைத்தோழி தினமும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். இன்னொருத்தி நோட்ஸ் எடுத்துக் கொடுத்தாள். இரவில் அறையில் சின்ன விளக்கு எரிய நான் அனுமதித்தேன். சாப்பாட்டு வேளை தவறாமல் ஒரு குரல், "வாறியா?" என்று கேட்டது. வரவில்லை என்றால் தட்டு அறைக்குப் போனது. ஒரு தாளில் தோற்றாள். மறுமுறை எழுதித் தேறினாள்.

அவள் போலீசுக்குப் போகவில்லை. போவதும் போகாததும் அவள் உரிமை. ஆனால் அப்படி ஒரு வழி உண்டு, கூட நாங்கள் வருகிறோம் என்று நானோ அவள் அம்மாவோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு. உங்களுக்கு அது வரக்கூடாது என்றுதான் கல்வெட்டை விட்டுவிட்டு இதை எழுதினேன்.