தாழ்சுருதி மவுத் ஆர்கன்

பத்துத் துளை மவுத் ஆர்கனில், சாதாரண ‘சி’ சுருதியின் முதல் துளையை ஊதினால் எழும் ஸ்வரம் நொடிக்குச் சுமார் 262 அதிர்வு. ‘லோ சி’ என்ற தாழ்சுருதி வாத்தியத்தில் அதே துளை 131 தான். முழுசாக ஒரு ஸ்தாயி கீழே! அதுவும் உள்ளங்கையில் அடங்கும் வாத்தியத்தில்.

உள்ளே 20 மெல்லிய உலோக நாக்குகள், பெரும்பாலும் பித்தளை. ஒரு முனை தகட்டோடு இறுகியிருக்கும். மறுமுனை மூச்சுக்காற்றில் ஆடும். ஸ்வரத்தைத் தாழ்த்த நாக்கை இஷ்டத்துக்கு நீட்ட இடமில்லை என்பதால், ஆடும் நுனியில் எடை கூட்டுகிறார்கள். நுனி கனத்தால் ஆட்டம் மெதுவாகும், ஸ்வரம் இறங்கும். மூடியைக் கழற்றினால் அந்தத் தடிப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

புதிதாக வாங்கியவர்கள் பழைய பழக்கத்தில் பலமாக ஊதிவிடுவார்கள். நாக்கு திணறும், சில சமயம் மூடியில் பட்டுச் சடசடக்கும். ஜெர்மனியின் ட்ரோசிங்கன் நகரில் 1857-இல் தொடங்கிய ஹோனர் நிறுவனம், தன் ‘தண்டர்பேர்ட்’ வகையில் இந்தச் சடசடப்பைத் தவிர்க்கவே கீழ் மூடியை அகலமாகத் திறந்து அமைத்திருக்கிறது.

இந்த வாத்தியம் கேட்பது பலத்தை அல்ல, நிதானத்தை. தொண்டையைத் தளர்த்தி, அடிவயிற்றிலிருந்து மென்மையாக மூச்சு விடுங்கள். துரிதகதிப் பாட்டு இப்போதைக்கு வேண்டாம். நான்காம் துளையில் தொடங்கி, ஒவ்வொரு ஸ்வரமும் நன்றாகப் பேசிய பிறகே இடப்பக்கம் அடுத்த துளைக்கு நகருங்கள்.