நானோ கீமோ: மருந்தைச் சுமக்கும் கொழுப்புக் குமிழ்

டாக்ஸோரூபிசின் என்ற பெயர் பலருக்கும் புதிது. கீமோ ட்ரிப்பில் ஏறும் சிவப்பு மருந்து என்றால் நோயாளிகளுக்குப் புரியும். புற்றுநோய்க்கு நல்ல மருந்துதான். ஆனால் இதயத் தசையைக் கெடுக்கும். அதனால் ஒருவருக்கு வாழ்நாளில் இவ்வளவுதான் ஏற்றலாம் என்று வரம்பு உண்டு. இதே மருந்தை 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழுக்குள் அடைத்துத் தருவதுதான் லிப்போசோமல் டாக்ஸோரூபிசின். 1995இல் 'டாக்சில்' என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அங்கே தட்டுப்பாடு வந்தபோது, 2012இல் இந்தியாவின் சன் பார்மா தயாரித்த 'லிப்போடாக்ஸ்' கப்பலேறியது.

கட்டியை மட்டும்தான் தாக்குமா?

அவசரமாக வளர்கிற கட்டியின் ரத்தக் குழாய்ச் சுவரில் ஓட்டைகள் அதிகம். பெரிய மூலக்கூறுகள் அவற்றின் வழியே கசிந்து உள்ளே தங்கும் என்பதை 1986இல் ஜப்பானின் மட்சுமுரா, மயேடா இருவரும் எழுதினார்கள். குமிழும் அப்படித்தான் நுழைகிறது. இதயத்தின் குழாய்ச் சுவர் நெருக்கமானது. குமிழ் எளிதில் நுழையாது. இதுதான் பெரிய லாபம்.

'நானோ மருந்து கட்டியை மட்டுமே தேடி அடிக்கும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விலங்குகளில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் டொரன்டோ ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, ஏற்றிய அளவில் கட்டியைச் சேர்வது இடைநிலை (மீடியன்) அளவாக 0.7 சதவீதம்தான் என்று தெரிந்தது. வீட்டை விற்றாவது இதைத்தான் போட வேண்டும் என்று முடிவெடுக்கும் முன், "என் நோய்க்கு, என் இதயத்துக்கு இது தேவையா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கரண்ட் போகும் ஊரில்

இந்த மருந்துக் குப்பி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும்; உறையவும் கூடாது. அடிக்கடி கரண்ட் போகிற மியன்மாரின் யாங்கோனில் இது சின்ன விஷயமல்ல. மருந்தை வெளியே வாங்கிவரச் சொன்னால், கடையின் ஃபிரிட்ஜுக்கு ஜெனரேட்டரோ பேட்டரியோ உண்டா என்று கேட்டுவிடுங்கள். முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைக்க வேண்டாம். ட்ரிப் போடும் நாளில் வாங்குங்கள். ஐஸ் பெட்டியில் ஐஸ் கட்டி குப்பியைத் தொடாதபடி நடுவே துணி வையுங்கள்.

லேபிளையும் படியுங்கள். சாதாரண டாக்ஸோரூபிசினுக்கும் 'லிப்போசோமல்' என்று அச்சிட்டதற்கும் கொடுக்கும் அளவே வேறு. விலை குறைவு என்று ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கினால் உயிருக்கே ஆபத்து.

ட்ரிப்பும் அதற்குப் பிறகும்

முதல் ட்ரிப்பின்போது மூச்சு முட்டினாலோ, முகம் சிவந்தாலோ, முதுகு வலித்தாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். ட்ரிப்பை நிறுத்தி, பிறகு மெதுவாக ஏற்றுவார்கள்.

குமிழுக்கென்று ஒரு பக்கவிளைவும் உண்டு: உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியும், தோல் உரியும். ட்ரிப் போட்ட சில நாட்களுக்கு வெந்நீர்க் குளியலும் வெயிலில் நெடுநடையும் வேண்டாம். இறுக்கமான ஷூவை விட யாங்கோனில் எல்லாரும் போடும் தளர்ந்த செருப்பே நல்லது. அதன் வார் உராய்கிறதா என்று மட்டும் பாருங்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கை சிவக்கத் தொடங்கினால் அடுத்த சுற்றுவரை பொறுத்திருக்காமல் சொல்லுங்கள். அளவைக் குறைத்தோ, இடைவெளியைக் கூட்டியோ தருவார்கள்.