ஊருக்குப் போறீங்களா? செடிக்குத் தண்ணி ஊத்த ஒரு மண் கலயம்!

ஒரு வாரம் ஊருக்குப் போகிறீர்கள். 'ஐயோ, செடி வாடிடுமே!' என்று தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து, தளும்பத் தளும்ப நீர் நிரப்புகிறீர்களா? நிறுத்துங்க! டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தட்டு போதும். எட்டுப் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும்.

பின்னே என்னதான் செய்வது?

மதுராந்தகம் ஏரியில் எவ்வளவு நீர் இருந்தாலும், மதகு வழியே அளவாகத்தானே வயலுக்கு விடுகிறார்கள்? தொட்டிக்கும் அப்படியொரு மதகு உண்டு. அதுதான் மண் கலயம்!

வர்ணம் பூசாத சிறு கலயத்தைத் தொட்டி மண்ணில் கழுத்துவரை புதையுங்கள். நீர் ஊற்றி, வாயை இறுக மூடுங்கள். மண் காயக் காய, கலயத்தின் நுண்துளை வழியே நீர் கசியும். மண் ஈரமானால் கசிவு குறையும். சீனாவில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த வித்தை இது.

வீட்டுக்குள் இருக்கும் சின்னத் தொட்டியா? பாட்டில் மூடியில் துளையிட்டு, தடித்த பருத்தித் திரியை நுழையுங்கள். ஒரு முனை தண்ணீருக்குள், மறுமுனை வேர் அருகே மண்ணுக்குள். துளையில் இடைவெளி இருக்கக் கூடாது.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்பே வைத்துச் சோதித்துப் பாருங்கள். பழைய தட்டுகளை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். ஏடிஸ் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, ஜாக்கிரதை!