கர்த்தூசியர் என்னும் பெயர்

அர்ச். பெனடிக்ட் வழிநின்ற துறவியர் அவர் பெயராலும், அர்ச். பிரான்சிஸ் வழிநின்றோர் அவர் பெயராலும் வழங்கப்படுதல் யாவரும் அறிந்ததே. கர்த்தூசியர் என்னும் துறவியரோ தம்மைத் தோற்றுவித்தார் பெயரைத் தாங்கிலர். பிரான்சு தேசத்திலே கிரெனோபிள் நகருக்கு வடக்கே சார்த்ரூஸ் என்றொரு மலைநாடு உண்டு. லத்தீன் மொழியில் அது கர்த்தூசியா எனப்படும். அங்கு உறைந்தோர் கர்த்தூசியர் ஆயினர். 'மதுரையார்' என்பதுபோல இதுவும் இடப்பெயரேயாம். ஸ்தாபகர் பெயர் மறைந்து மலையின் பெயர் நின்றது எதனாலென நாம் ஆராய்வோம்.

கொலோன் நகரிற் பிறந்த புரூனோ அடிகள் ரேம்ஸ் நகரத்துக் கல்விச்சாலையில் ஏறத்தாழ இருபதாண்டு ஆசிரியராய் விளங்கியவர். அந்நகர்ப் பேராயர் மனாசே திருச்சபைப் பதவியைப் பொருளுக்காகக் கையாண்டபோது அஞ்சாது எதிர்த்து நின்றார். மனாசே 1080-ல் பதவி இழந்தார். பெருமை தம்மை நாடிய காலத்தே புரூனோ தனிமையை நாடினார். 1084-ல் தோழர் அறுவருடன் கிரெனோபிள் ஆயர் ஹியூவை அடைந்தார். அவ்வாயர் காட்டிய இடமே பனி மூடிய சார்த்ரூஸ்.

ஆறாண்டு கழியுமுன், அவர்தம் பழைய மாணாக்கராகிய பாப்பரசர் இரண்டாம் அர்பன் அவரை ரோமாபுரிக்கு அழைத்தார். புரூனோ கீழ்ப்படிந்தார். தலைவரைப் பிரிந்த தோழர் முதலிற் கலைந்தனர். பின்னர்த் தேறி மீண்டனர். புரூனோ தாம் மீளவில்லை. பேராயர் பதவியை மறுத்து, இத்தாலியின் தென்கோடியில் மீண்டும் தவம்புரிந்து 1101-ல் இறைவனடி சேர்ந்தார். அவர் சபைக்கென ஒழுங்குநூல் எழுதிவைத்தாரல்லர். பின்வந்த தலைவர் குய்கோவே அதனை எழுதினார். 1132-ல் பனிச்சரிவு முதல் மடத்தை அழித்தது. மடம் சற்றுக் கீழே மறுபடி எழுந்தது.

அம்மலைப்பெயர் பிற தேசங்களுக்கும் பரந்தது. 1371-ல் லண்டனில் எழுந்த மடத்தை ஆங்கிலேயர் சார்ட்டர்ஹவுஸ் எனத் திரித்து வழங்கினர். எட்டாம் ஹென்றியைத் திருச்சபைத் தலைவனாக ஏற்க மறுத்து, அதன் தலைவர் ஜான் ஹௌட்டன் 1535-ல் உயிர்நீத்தார். மடம் ஒழிந்தபின் 1611-ல் அவ்விடத்தே தோன்றிய பள்ளி அப்பெயரைப் பெற்றது. 1872-ல் அப்பள்ளி வேற்றூர் சென்றபோது பெயரும் உடன் சென்றது.

1903-ல் பிரெஞ்சு அரசினரால் தாய்மடத்தினின்று அகற்றப்பட்ட கர்த்தூசியர் 1940-ல் அங்கு மீண்டனர். ஸ்தாபகர் தம் பெயரையோ நூலையோ அங்கு நிறுத்திச் சென்றாரல்லர்; மௌனத்தில் இறைவனை நாடும் வாழ்வொன்றையே விட்டுச் சென்றார். தோழர் மீண்டதும் அதன்பொருட்டே. தம் பெயர் விளங்க வேண்டுமென விழையும் நம்மனோர் சிந்திக்கத்தக்கது இஃதன்றோ!